வயல் எல்லையைக் கணினி வரைபடத்தில் ஏற்றப் போகிறவர்களுக்கு

வன்னியில் வயல், காணி, குளம் என்று எதையாவது கணினி வரைபடத்தில் ஏற்றித் தரும் வேலை உங்களிடம் வந்தால், கைச்சாத்துப் போட முன் இதை ஒருக்கால் வாசியுங்கள். அந்த வேலையை நான் தனியாகச் செய்து முடித்தேன். கேட்க ஆளில்லை. இணையத்தில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு துண்டைச் சொன்னார்கள். முழுவதையும் வரிசையாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. மாதக்கணக்கில் நித்திரை கெட்டது, கைக்காசு போனது, என்னை நம்பியிருந்த நல்ல மனிதர்கள் சிலர் சந்தேகமாகப் பார்க்கிற நிலையும் வந்தது. இன்னொருவர் இதே பாட்டைப் பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடி மென்பொருள் எழுதுகிறவள். கடைக் கணக்கு, டியூட்டரிகளுக்கு வரவுப் பதிவு என்று அதுவரை சின்னச் சின்ன வேலைகள்தான். ஒட்டுசுட்டான் பக்கம் நடுத்தரக் குளம் ஒன்றின் கீழ் பயிர் செய்யும் கமக்காரர் அமைப்புக்கு, ஓர் உதவித் திட்டத்தின் ஊடாக, வயல்களைத் தொலைபேசியில் பார்க்கக்கூடிய செயலி வேண்டும் என்று கேட்டார்கள். எந்த வாய்க்காலில் யாருடைய வயல், எத்தனை ஏக்கர் என்று தெரிந்தால் போதும். இது ஏன் பெரிய விஷயம் என்று வயல் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். காலபோகத்துக்கு மழை இருக்கிறது. குளமும் நிரம்பினால் வெளி, அதாவது குளத்தின் கீழுள்ள வயற்பரப்பு, முழுவதும் விதைக்கலாம். சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சிய தண்ணீர் மட்டும்தான். நீர்மட்டத்தைப் பார்த்து, இந்த முறை இத்தனை ஏக்கருக்குத்தான் தண்ணீர் என்று கூட்டத்தில் முடிவெடுத்து, அதை ஆட்களுக்குப் பங்கு பிரிப்பார்கள். திரையில் கால் ஏக்கர் குறைந்தால், அது ஒருவர் வீட்டு நெல்லில் குறையும்.

சம்பளம் மூன்று தவணை. கடைசித் தவணை, கமக்காரர் வரைபடத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு. "தரவெல்லாம் ஏற்கெனவே இருக்கு, நீங்கள் ஏத்தினால் சரி" என்று ஒரு பென்டிரைவைத் தந்தார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் வந்து அளந்துவிட்டுப் போன ஒரு நிறுவனத்தின் கோப்புகள் அவை. அளந்தவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை. உள்ளே எக்செல் தாள்கள், வரைபட வடிவங்களை வைத்திருக்கும் ஷேப்ஃபைல் ஒன்று, பழைய நில அளவைப் படங்களிலிருந்து பார்த்து எழுதிய எண்கள், ஜிபிஎஸ் கருவியோடு நடந்து எடுத்த புள்ளிகள். எதிலும் ஒரு குறிப்புக்கூட இல்லை. நிரல்களின் தலைப்பு 'எக்ஸ்', 'வை', அவ்வளவுதான். ஷேப்ஃபைலோடு வரவேண்டிய பிஆர்ஜே கோப்பு, அதாவது எந்த ஆள்கூற்று முறை என்று சொல்லுகிற சின்னக் கோப்பு, அதுவும் இல்லை.

இப்படி ஒரு பொதி கைக்கு வந்தால் உடனே செய்நிரல் எழுத உட்காராதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எது முதலில் வருகிறது, பாகையா மீற்றரா, எந்த ஆள்கூற்று முறை, யார் எந்தக் கருவியால் எடுத்தது என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த எண்கள் இன்னும் இடங்கள் ஆகவில்லை. அவற்றை இடங்களாக ஆக்குவது தனி வேலை, அதற்குத் தனிக் காசு. இந்த ஒன்றைத் தொடக்கத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பட்ட துன்பத்தில் பாதி இருந்திருக்காது.

முதலில் ஏற்றிய எக்செல் தாளைத் திறந்தால், வரைபடம் வன்னியைக் காட்டாமல் ஆர்க்டிக் கடல் வரைக்கும் விரிந்து நின்றது. வயல்களில் ஒரு பகுதி முல்லைத்தீவில், மிச்சம் வடதுருவப் பக்கம். தாளின் மேல்பாதியில் அகலாங்கு முதலில், கீழ்ப்பாதியில் நெட்டாங்கு முதலில். வேறு வேறு ஆட்கள் நிரப்பியிருக்க வேண்டும். இந்த வரிசைச் சிக்கலை எல்லாரும் ஒருமுறையாவது படுவார்கள், ஏனென்றால் கருவிகளே ஒத்துப்போவதில்லை. கூகுள் மேப்ஸும் லீஃப்லெட் என்ற வரைபட நூலகமும் அகலாங்கை முதலில் கேட்கும். ஜியோஜேசன் என்ற இடத்தரவுக் கோப்பு வடிவத்தில் நெட்டாங்குதான் முதலில். 2016 இல் வந்த அதன் தரநிலை ஆர்எஃப்சி 7946 அதைத் தெளிவாகச் சொல்கிறது. கேஎம்எல் கோப்பும் அப்படியே. தரவுத்தளத்துக்குப் போனால் போஸ்ட்ஜிஐஎஸ் நெட்டாங்கை முதலில் எதிர்பார்க்கும். மைஎஸ்க்யூஎல் 8 இல் 4326 (ஜிபிஎஸ் தருகிற அகலாங்கு நெட்டாங்கு முறையின் எண்) என்று குறித்துவிட்டு எழுதினால், வேறு மாதிரிச் சொல்லாதவரை, அகலாங்கு முதலில் வரவேண்டும்.

இதில் இலங்கையில் இருக்கிற எங்களுக்கு ஒரு தனி ஆபத்து. அகலாங்கு 90 ஐத் தாண்டாது. சிங்கப்பூரில் நெட்டாங்கு 103 சொச்சம், அதை அகலாங்கின் இடத்தில் போட்டால் பெரும்பாலான மென்பொருள்கள் உடனே பிழை காட்டும். எங்களுடைய நெட்டாங்கு 80. அது அகலாங்காகவும் செல்லுபடியாகும். கிளிநொச்சியின் 9.39, 80.40 ஐ மாற்றிப் போட்டால் புள்ளி ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே கடலில் போய் விழும், மென்பொருள் வாய் திறக்காது. ஆகவே காவலை நீங்களே போட வேண்டும். இலங்கைக்குள் அகலாங்கு 5.9 க்கும் 9.9 க்கும் இடையில், நெட்டாங்கு 79.5 க்கும் 81.9 க்கும் இடையில். இந்தப் பெட்டிக்கு வெளியே விழும் எந்தப் புள்ளியையும் தரவுத்தளம் ஏற்காதபடி ஒரு கட்டுப்பாடு எழுதுங்கள். இரண்டு வரி செய்நிரல்தான். அதோடு உங்கள் செய்நிரலுக்குள் வெறும் சோடி எண்களாக வைத்திருக்காமல், 'லட்', 'லோங்' என்று பெயர் போட்ட புலங்களாக வைத்திருங்கள். வரிசையை மாற்றுவது வெளியே கொடுக்கும் இடத்திலும் உள்ளே வாங்கும் இடத்திலும் மட்டும் நடக்கட்டும்.

அடுத்தது மீற்றர் எண்கள். ஷேப்ஃபைலிலும் நில அளவைப் படத்து எண்களிலும் பாகையே இல்லை, ஆறு இலக்க எண்கள். எனக்கு இது முழுக்கப் புதிது, நிறைய நாள் இதில்தான் போனது. உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் இரண்டு தேசிய நெய்யரிகள், அதாவது இடத்தை மீற்றரில் சொல்லும் கட்ட அமைப்புகள், புழக்கத்தில் உண்டு. பழையது கந்தவல (Kandawala) தரவுமட்டத்தில், அதாவது ஆள்கூறுகளுக்கு அடிப்படையான அளவை அமைப்பில், அமைந்தது; ஆள்கூற்று முறைகளுக்கான இபிஎஸ்ஜி பட்டியலில் அதன் எண் 5234. புதியது எஸ்எல்டி 99, எண் 5235. இரண்டுக்கும் தொடக்கப்புள்ளி பீதுருதாலகால மலை. பழையதில் அந்தப் புள்ளிக்குக் கொடுத்த மதிப்பு 200,000, 200,000. புதியதில் 500,000, 500,000. அதாவது ஒன்றை மற்றதாக எடுத்தால் இரண்டு திசையிலும் 300 கிலோமீற்றர் தள்ளிப் போகும். எண்ணைப் பார்த்தே எது என்று பிடிக்கலாம். கிளிநொச்சி நகரம் புதிய நெய்யரியில் ஏறக்குறைய கிழக்கு 459,000, வடக்கு 764,000. பழையதில் 159,000, 464,000. இதே இடம் உலகப் பொது மீற்றர் முறையான யூடிஎம் 44 வடக்கில், அதாவது 32644 இல், கிழக்கு 434,000 அளவில், வடக்கு 1,038,000 என்று ஏழு இலக்கத்துக்குப் போய்விடும். இந்த மூன்று சோடியையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவைத்தேன். அதற்குப் பிறகு எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் வரியிலேயே அது எந்த வகை என்று தெரிந்தது.

போஸ்ட்ஜிஐஎஸ் பாவிப்பவர்களுக்கு ஒன்று. செட்-எஸ்ஆர்ஐடி என்ற கட்டளை பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், எண்களைத் தொடாது. டிரான்ஸ்ஃபோம்தான் எண்களைக் கணக்குப் பண்ணி மாற்றும். 5235 இல் இருக்கிற தரவுக்கு முதலில் 5235 என்று பெயர் ஒட்டி, பிறகு 4326 க்கு மாற்றுங்கள். நேராக 4326 என்று ஒட்டிவிட்டு, ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று தேடுகிறவர்கள் நிறைய. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளிலும் இதே இரண்டு வேலைக்கும் இரண்டு வேறு பட்டியல் உண்டு, அங்கேயும் இதே கவனம் வேண்டும்.

இவ்வளவும் முடிந்து வயல்கள் எல்லாம் ஒட்டுசுட்டான் பக்கம் வந்து நின்றபோது, வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தொலைபேசியோடு குளக்கட்டுக்குப் போய், வயல்களுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கும் வட்டவிதானை ஐயாவிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது என்ர வயல் இல்லை. என்ர வயல் வாய்க்காலுக்குக் கிழக்கால கிடக்கு, நீர் மேற்கால போட்டிருக்கிறீர்" என்றார். பக்கத்தில் நின்றவர்களும் தங்கள் தங்கள் வயலைத் தேடத் தொடங்கினார்கள். ஒருவர், "அப்ப வாய்க்காலையே மாத்தி எழுதப் போறாங்களோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தாங்கவில்லை. இங்கே காணிப் படம் என்றாலே ஆட்களுக்குப் பயம் வருவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அந்தப் பயத்தை என் செயலி கிளப்பிவிட்டதே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் கொதித்தது.

வீட்டுக்கு வந்து, இடம் சந்தேகமில்லாமல் தெரிகிற பொருள்களை மட்டும் எடுத்தேன்: துருசு (குளத்து மதகு), வான் (மிகுதி நீர் வழியும் இடம்), வாய்க்கால் பாலம், பிள்ளையார் கோயில். கோப்பில் அவற்றின் புள்ளியையும் செய்மதிப் படத்தில் அவை நிற்கிற இடத்தையும் ஒப்பிட்டால், எல்லாமே ஒரே பக்கத்துக்கு, மேற்கே, இருநூறு மீற்றருக்குக் கொஞ்சம் மேலாக விலகி நின்றன. அங்கேதான் காரணம் பிடிபட்டது. அந்த நிறுவனத்தில் யாரோ பழைய நெய்யரி எண்களை அகலாங்கு நெட்டாங்காக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் பாவித்த கருவி தரவுமட்டத்தை மாற்றவில்லை. கந்தவல முறை எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்தது, ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 ஐ வைத்தது. ஒரே நிலத்துக்கு இரண்டிலும் அகலாங்கு நெட்டாங்கு வேறு. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததுபோல ஓர் இடத்துக்கு ஒரே அகலாங்கு நெட்டாங்குதான் என்று இருந்தால் இது விளங்கவே விளங்காது. அந்தத் தாள்களை மறுபடி பழைய நெய்யரிக்குத் திருப்பி, பிறகு 5234 இலிருந்து 4326 க்கு முறையாக மாற்றியதும் ஐயாவின் வயல் வாய்க்காலுக்குக் கிழக்கே போய் நின்றது.

எனவே தெரிந்த புள்ளிகளை வைத்துச் சோதிக்காமல் எந்த வரைபடத்தையும் ஆட்களிடம் காட்டாதீர்கள். விலகல் எல்லா இடத்திலும் ஒரே திசை, ஒரே தூரம் என்றால் தரவுமட்டப் பிரச்சினை. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பக்கம் சில மீற்றர் என்றால் ஜிபிஎஸ் கருவியின் தடுமாற்றம், அது இயல்பு. ஒன்றிரண்டு புள்ளி மட்டும் பல கிலோமீற்றர் தள்ளி நின்றால் பாகை, கலை, விகலையைத் தசமமாக எழுதியிருப்பார்கள். 9 பாகை 23 கலை 30 விகலை என்பது தசமத்தில் 9.3917. அதை 9.2330 என்று எழுதினால் பதினேழு கிலோமீற்றருக்கு மேல் தெற்கே போய்விடும். என் கோப்பில் அப்படியும் சில இருந்தன. தசமப் புள்ளிக்குப் பின் முதல் இரண்டு இலக்கமோ அடுத்த இரண்டு இலக்கமோ ஒருபோதும் 59 ஐத் தாண்டாத நிரல் கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள்.

பரப்பளவுக்கு வருவோம். பல்கோணியின் ஆள்கூறு பாகையில் இருக்கும்போது நேராகப் பரப்பளவு கேட்டால் விடை சதுரப் பாகையில் வரும். ஓர் ஏக்கர் 0.00000033 என்று நிற்கும். அது எதற்கும் உதவாது. சிலர் இணைய வரைபடங்கள் பாவிக்கும் வெப் மெர்கேட்டருக்கு மாற்றிச் சதுர மீற்றர் எடுப்பார்கள். எண் நம்பத்தகுந்ததாகத் தெரியும், ஆனால் அந்த முறை நிலத்தை நீட்டிக் காட்டும். எங்கள் அகலாங்கில் நூறு ஏக்கர் வெளி ஏறக்குறைய நூற்று மூன்று ஏக்கராக வரும். என்னிடம் வந்த எக்செல் தாளின் ஏக்கர் நிரல் அப்படித்தான் கணக்கிடப்பட்டிருந்தது. 5235 க்கு மாற்றிப் பரப்பளவு எடுங்கள், அல்லது போஸ்ட்ஜிஐஎஸ் இன் ஜியோகிரஃபி வகையைப் பாவியுங்கள். வருகிற சதுர மீற்றரை 4046.86 ஆல் வகுத்தால் ஏக்கர்.

பல்கோணி பற்றிய அடிப்படை விஷயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஜியோஜேசனில் முதல் புள்ளியைக் கடைசியில் திரும்ப எழுதி வளையத்தை மூட வேண்டும், நாலு மூலை வயலுக்கு ஐந்து புள்ளி. வயலுக்கு நடுவே கேணியோ கோயில் காணியோ இருந்தால் உள்வளையம். ஒருவருக்கு இரண்டு இடத்தில் துண்டு இருந்தால் பல பல்கோணி வகை. மூலைகளை நடந்த ஒழுங்கில் சேமியுங்கள். எக்செலில் யாராவது நிரலை வரிசைப்படுத்திவிட்டால் மூலைகள் மாறி எல்லைக்கோடு தன்னையே வெட்டி 8 போல முறுகும். சதுர வயல் அப்படி முறுகினால் பரப்பளவு பூச்சியம் வரும். செல்லுபடியாகுமா என்று சோதிக்கும் கட்டளை இருக்கிறது, கட்டாயம் ஓட்டுங்கள். ஆனால் தானாகத் திருத்தும் கட்டளையை நம்பாதீர்கள், அது முறுகிய வயலை இரண்டு முக்கோணமாக்கிவிட்டுச் சரி என்று சொல்லும்.

மிகவும் களைக்க வைத்தது வரம்புகள். பக்கத்துப் பக்கத்து வயல்காரர் தனித்தனியே ஜிபிஎஸ் உடன் நடந்தால் ஒரே வரம்பு இரண்டு கோடாக விழும். சில இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், சில இடத்தில் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத சீலை போன்ற நீட்டுத் துண்டு மிஞ்சும். வயல்களின் ஏக்கரை எல்லாம் கூட்டினால் வெளியின் மொத்த ஏக்கரை விடக் கூடுதலாக வந்தது. தொலைபேசி ஜிபிஎஸ் வெட்டவெளியில்கூட ஐந்து மீற்றர் அளவுக்குத் தடுமாறும். காட்டோரத்து முதிரை, பாலை மரங்களுக்குக் கீழே இன்னும் மோசம். ஓர் ஏக்கர் சதுர வயலின் பக்கம் அறுபத்து நாலு மீற்றருக்குள். நாலு பக்கமும் இரண்டு மீற்றர் வெளியே விழுந்தாலே இருபது பேர்ச், அதாவது ஏக்கரில் எட்டிலொன்று, கூடிவிடும். தண்ணீர்ப் பங்குக்கு முன்னால் இருபது பேர்ச் சின்ன விஷயம் இல்லை.

ஆகவே நடந்து எடுத்த கோடுகளை எல்லையாக வைப்பதை விட்டுவிட்டேன். செய்மதிப் படத்தின் மேல் வெளியின் சுற்றெல்லையை முதலில் வரைந்தேன், பிறகு வாய்க்கால்கள், பிறகு ஒவ்வொரு வரம்பையும் ஒரே ஒரு கோடாக. அந்தக் கோடுகளிலிருந்து பல்கோணிகளை க்யூஜிஐஎஸ் ஆக்கித் தரும். இரண்டு வயலும் ஒரே கோட்டைப் பங்கிடும், இடைவெளிக்கும் ஏறலுக்கும் இடமில்லை, கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துவரும். ஜிபிஎஸ் புள்ளிகள் எது யாருடைய வயல் என்று அடையாளம் காண மட்டும்.

அதை ஏ3 தாள்களில் அச்சடித்துக்கொண்டு போனேன். தொலைபேசித் திரையில் பிடிகொடுக்காத பெரியவர்கள் தாளில் உடனே பேசத் தொடங்கினார்கள். ஆனால் வடக்கு மேலே இருந்ததில் அவர்களுக்கு இடம் பிடிபடவில்லை. வட்டவிதானை ஐயா தாளை வாங்கி, துருசு தன் பக்கம் வரும்படி சுழற்றி வைத்து, நாலு கல்லைத் தூக்கி மூலைகளில் பாரம் வைத்தார். பிறகு துருசிலிருந்து தண்ணீர் போகிற வழியில் விரலை ஓட்டி, வாய்க்கால் வாய்க்காலாக, வரம்பு வரம்பாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு வயலின் பெயர் இடம் மாறியிருந்ததை அவர்தான் காட்டினார். செயலியிலும் இப்போது துருசு கீழே வரும்படி வரைபடம் திரும்பி நிற்கும் தெரிவு இருக்கிறது. கமக்காரர் அதைத்தான் பாவிக்கிறார்கள்.

ஆள்கூறுகளை 32 பிட் மிதப்பெண்ணாகச் சேமிக்காதீர்கள். 80 என்ற அளவில் அதன் ஒரு படி ஏறக்குறைய 84 சென்ரிமீற்றர், அதனால் வரம்புகள் கிழக்கு மேற்காகத் துள்ளும். 64 பிட் பாவியுங்கள். ஆனால் திரையில் காட்டும்போது தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், அதுவே ஒரு மீற்றர் அளவு. எட்டு, பத்து இலக்கம் காட்டினால் இல்லாத துல்லியம் இருப்பதாக ஆட்கள் நம்பிவிடுவார்கள்.

காசுக் கணக்கையும் மறைக்கவில்லை. பெற்றோல், அச்சு, இரவல் கருவிக்குக் கொடுத்தது, இந்த வேலையால் ஏற்காமல் விட்ட மற்ற வேலைகள் எல்லாம் சேர்ந்து ஒன்றரை இலட்சம் ரூபா அளவில் என் பக்கம் நட்டம். கடைசித் தவணை ஒரு போகம் தாண்டித்தான் வந்தது. இடையில் சங்கிலியை அடைவு வைத்தேன், வட்டி தனி. தந்த தரவு பழுது என்று எழுத்தில் காட்ட முடிந்தபோதும், "ஏத்துறது மட்டும்தானே உங்கட வேலை" என்ற பதில்தான் வந்தது. அந்த நாள்களில் ஆத்திரத்தில் வேலையை இடையில் விடவும் யோசித்தேன். கூட்டத்துக்குள் வரைபடம் வரும் என்று கமக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் விடவில்லை.

இப்போது இப்படியான வேலை வந்தால் ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்க்கிறேன். தரவைச் சோதிப்பதும் துப்புரவாக்குவதும் தனித் தவணை, அது முன்பணத்தோடு. துருசு, பாலம், கோயில் போன்ற தெரிந்த புள்ளிகள் பத்தையாவது வேலை தருகிறவரே காட்டி, சரி என்று கைச்சாத்து வைக்க வேண்டும். எல்லாத் தரவும் 4326 இல் ஒரே வடிவில் திருப்பிக் கொடுக்கப்படும், எந்தக் கோப்பு எங்கிருந்து எப்படி மாற்றப்பட்டது என்ற குறிப்போடு. செயலியில் வரும் ஏக்கர் தண்ணீர்ப் பங்குக் கூட்டத்துக்கான மதிப்பீடு மட்டுமே, காணி உறுதிக்கோ அனுமதிப்பத்திரத்துக்கோ பதில் இல்லை என்று முதல் திரையிலேயே எழுதுகிறேன்.

அந்த வெளியில் இன்னும் சில வரம்புகளில் பக்கத்துக்காரருக்குள் உடன்பாடு இல்லை. அவற்றைச் செயலியில் புள்ளிக்கோடாக விட்டிருக்கிறேன். தொடும் வயல்கள் இரண்டுக்கும் தனித்தனி ஏக்கர் காட்டுவதில்லை, கூட்டுத்தொகை மட்டும். நில அளவையாளர் வந்து கல் போட்ட பிறகு அந்த எண்களை வாங்கி ஏற்றிக்கொள்ளலாம்.